தோள் வலிக்கிறதா என்று கேட்ட அன்பருக்கு நன்றி

சென்ற மாதம் எங்கள் ஊர்க் கோயில் கொடையையொட்டி நடந்த கபடிப் போட்டியில், பிடிக்க வந்தவரின் முழங்கால் என் தம்பியின் இடது விலாவில் பலமாக இடித்தது. அவன் எழுந்து, புழுதியைத் தட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று கையசைத்தான். நாங்களும் மூச்சுப் பிடிப்பு என்றே எண்ணிச் சோடாவை நீட்டினோம். கூட்டத்திலிருந்து வந்த நீங்கள் அதைத் தடுத்து, “தோள் வலிக்கிறதா, தம்பி?” என்று மட்டும் கேட்டீர்கள். அடியே படாத இடது தோள்முனையை அவன் தொட்டுக் காட்டியதும் உங்கள் முகம் மாறியது.

இடது விலாவுக்கு உள்ளே இருக்கும் மண்ணீரல் கிழிந்து கசியும் இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும் என்பதையும், அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வாய்வழியே எதுவும் கொடுக்கக் கூடாது என்பதையும் உங்கள் காரில் போகும்போதே விளக்கினீர்கள். விலா எலும்பு முறியாமலே உள்ளுறுப்பு கிழியலாம் என்பது எங்கள் அணியில் ஒருவருக்கும் தெரியாது. சி.டி. ஸ்கேனில் நீங்கள் சொன்னதே உறுதியானது. இரத்த அழுத்தம் சீராக இருந்ததால், அறுவை சிகிச்சையின்றி, 6 நாள் கண்காணிப்பிலேயே மண்ணீரலைக் காப்பாற்றிவிட்டார்கள். 3 மாதம் களமிறங்கக் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது எங்கள் பிழை. அவனுக்குத் தலையணையாகச் சுருட்டி வைத்த உங்கள் துண்டு, துவைத்து மடித்து, எங்கள் வீட்டில் இருக்கிறது.