சுரங்கத்துக்குள் ஒரு மாடம்

டெர்பி
ஜூன் 8

மாப்ள,

பிப்ரவரியில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு ஜூனில் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. பேரனை மடியில் வைத்துக்கொண்டு போடியிலிருந்து மதுரைக்கு ரயிலில் போனதைப் பன்னிரண்டு நிமிஷம் பேசியிருந்தாய். நாலு தடவை கேட்டேன். ஆண்டிபட்டிக் கணவாய் வந்ததும் உன் பேச்சு நின்று வெறும் தடதட சத்தம் மட்டும் வருகிறதே, அந்த இடத்தை இன்னும் ரெண்டு தடவை கேட்டேன்.

இங்கே எல்லாரும் நலம். உன் தங்கச்சிக்குச் செப்டம்பரில் முழங்கால் மாற்றினார்கள், இப்போது மாடிப்படி ஏறுகிறாள். பெரியவனுக்கு மான்செஸ்டரில் வேலை. சுகர் எவ்வளவு என்று நீ சொல்லும் நம்பரை நான் நம்ப மாட்டேன், தங்கச்சியை எழுதச் சொல். நம் சிநேகிதன் சுக்கு தன் கடையை மகனிடம் கொடுத்துவிட்டானாமே, நிஜமா?

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் நானும் உன் தங்கச்சியும் மூன்று நாள் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்தோம். ஆபரேஷனுக்கு அப்புறம் பிசியோதெரபிக்காரர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். எங்கள் பக்கத்து ரோட்டில் இறங்க அவளுக்குப் பயம். வேனும் பஸ்ஸும் தோளை உரசுகிற மாதிரிப் போகும். கார் வராத வழி ஏதாவது உண்டா என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது, அரை மணி நேர தூரத்தில் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் போகாமலே இருந்திருக்கிறோம்.

பீக் டிஸ்ட்ரிக்ட். 1951-ல் அறிவித்த பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. பெயர்தான் பூங்கா, உள்ளே ஊரும் பண்ணையும் கல்குவாரியும் இருக்கிறது. மலை என்றதும் நம் மேற்கு மலையை நினைத்துவிடாதே. இங்கே உயரமான இடமே 636 மீட்டர்தான், கொழுக்குமலையின் இடுப்பைக்கூடத் தொடாது. ஆனால் மேடும் பள்ளமும் ஓயாது. ஒரு மைல் ரோட்டில் நாலு தடவை மூச்சு வாங்கும். அங்கே போய் புது முழங்காலோடு ஒரு பெண் எப்படி மிதிப்பாள் என்றுதானே கேட்கிறாய்?

போடிமெட்டு ரோட்டை நினைத்துப்பார். மலை மடிகிற பக்கமெல்லாம் மடிந்து, 17 கொண்டை ஊசி போட்டு ஏறுகிறது. ரயிலுக்கு அது ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும், இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ரயில் போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தைத் தூர்த்தார்கள், ஆறு வந்தால் பாலம், பாறை வந்தால் சுரங்கம். நூறடி போனால் ஓரடி ஏறுகிற மாதிரி இழைத்து எடுத்துப் போனார்கள். 1960-களில் வரிசையாக அந்த ரயில்களை நிறுத்தித் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். வெட்டினதும் கட்டினதும் அப்படியே கிடந்தது. அதன்மேல் சுண்ணாம்புக்கல் பொடியைப் பரப்பி, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் விட்டுவிட்டார்கள். மலைக்கு நடுவே சமதளத்தில் போகிறாய். ரெண்டு பக்கமும் மலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், நீ பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பாய்.

முதல் நாள் ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை, 21 கிலோமீட்டர். டிஸ்ஸிங்டன் டிரெயில் என்று பெயர். 1899-ல் வந்த ரயில், 1967-ல் முழுசாக நின்றது, 1971-ல் பாதையாகத் திறந்தார்கள். ஊரை விட்டுச் சுரங்கம் தாண்டி வெளியே வந்ததும் ஓர் இடத்தில் பழைய பாலத்தை எடுத்துவிட்டார்கள். அங்கே பாதை ஓடைக்குச் சரேலென்று இறங்கி, அந்தப் பக்கம் செங்குத்தாக ஏறுகிறது. ரெண்டு பேரும் இறங்கித் தள்ளினோம். பாலம் என்ன காரியம் செய்துகொண்டிருந்தது என்று அந்த ஒரு பள்ளத்தில் புரிந்துவிட்டது. உன் தங்கச்சிக்குப் பேட்டரி சைக்கிள் வாடகைக்கு எடுத்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பேட்டரியை அணைத்துவிட்டு, "இது நானே மிதிக்கிறது" என்றாள். அப்புறம் பார்ஸ்லி ஹே வரைக்கும் பேசவே இல்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தால் அவள் பேசாமல் வருவாள் என்று உனக்குத் தெரியும்.

வழியில் டிஸ்ஸிங்டன் கிராமத்தில் கிணறுகளுக்கு அலங்காரம் செய்திருந்தார்கள். ஈரக் களிமண்ணைப் பலகையில் பூசி, ஒவ்வொரு பூவிதழாகப் பதித்துப் படம் போட்டிருந்தார்கள். கோலத்தை நட்டமாக நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. தண்ணீருக்கு நன்றி சொல்கிற பண்டிகை, ஏசு விண்ணேறிய திருநாளை ஒட்டி வருகிறது. ஹார்ட்டிங்டன் ஸ்டேஷனில் பழைய சிக்னல் கேபினை அப்படியே வைத்திருக்கிறார்கள். உள்ளே லீவர் எல்லாம் வரிசையாக நிற்கிறது. ரயில்வே கேட்டில் கொடி காட்டின உன் அப்பா ஞாபகம் வந்தது.

ரெண்டாம் நாள் காலையில் தூறல். பார்ஸ்லி ஹேயிலிருந்து அடுத்த தடத்துக்குப் பாதை கிடையாது, ஃப்ளாக், செல்மார்ட்டன் பக்கமாகச் சின்ன ரோடுகளில் போக வேண்டும். சாந்து வைக்காமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டின சுவர்கள் ரெண்டு பக்கமும். கிளம்பும்போதே நனைந்த சுண்ணாம்புப் பொடி குழம்பாகி செயினிலும் ரிம்மிலும் அப்பியது. காய்ந்ததும் சைக்கிள், செருப்பு, கால் எல்லாம் திருநீறு பூசினாற்போல் ஆகிவிட்டது. மில்லர்ஸ் டேலுக்கு இறங்கும் இறக்கத்தில் ரெண்டு பிரேக்கையும் பிடித்த பிடி, கை இன்னும் வலிக்கிறது. அங்கேதான் மான்சல் டிரெயிலில் ஏறினோம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வருகிறேன்.

லண்டனிலிருந்து மான்செஸ்டருக்கு மிட்லண்ட் கம்பெனி போட்ட தடம். வை ஆற்றின் பள்ளத்தாக்கில் 1863-ல் வந்தது. காந்தி படித்து மாறிப்போனாரே, அந்த ஜான் ரஸ்கின் இந்த ரயிலைக் கண்டபடி திட்டி எழுதியிருக்கிறார், தெய்வீகமான பள்ளத்தாக்கைக் கெடுத்துவிட்டார்கள் என்று. 1968-ல் ரயில் நின்றது. அவர் சபித்த அந்த ரயிலுக்காகக் கட்டின பாலத்தை இன்றைக்குச் சட்டம் போட்டுப் பாதுகாக்கிறார்கள். சுரங்கங்களைப் பூட்டியே வைத்திருந்து 2011-ல்தான் நாலைத் திறந்தார்கள், விளக்குப் போட்டு. ஒவ்வொன்றும் நானூறு மீட்டர் அளவுக்கு இருக்கும். வெளியே வெயில் வந்திருந்தது, உள்ளே நுழைந்ததும் குளிர் முகத்தில் அடிக்கிறது. மேலே செங்கல்லில் இன்னும் நீராவி இஞ்சினின் கரி. பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது, பனிக்கட்டி மாதிரி.

நடுவில் சைக்கிளை நிறுத்தினேன். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மாடம், விளக்கு வைக்கிற மாடத்தைப் பெரிசு பண்ணின மாதிரி. வண்டி வரும்போது தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள் ஒதுங்கி நிற்பதற்கு. உள்ளே போய் முதுகைச் சாய்த்து நின்றேன். தோள் சரியாகப் பொருந்தியது. உங்கள் கேட் வீட்டில், வண்டி வருகிறது என்றால் அப்பா நம் ரெண்டு பேரையும் சுவரோடு சேர்த்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பச்சைக் கொடி நீட்டுவாரே, அந்தக் கை நெஞ்சில் பட்டாற்போல் இருந்தது. உன் தங்கச்சி தூரத்திலிருந்து மணி அடித்துக் கூப்பிடுகிற வரைக்கும் நின்றேன்.

அதே சுரங்கத்தில் ஒருத்தர் வயசான அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். அந்த அம்மா எதிரொலி கேட்க "ஊ" என்று கத்தினார், திரும்பி வந்ததும் மறுபடி கத்தினார். 2011-க்கு முன்னால் இங்கே சுரங்கம் வந்தால் தடத்தை விட்டு விலகி, மேட்டில் ஏறிச் சுற்றிவர வேண்டும். சைக்கிளே கஷ்டம், அந்த அம்மாவால் வந்திருக்கவே முடியாது.

இப்போது என் மனசை அரிக்கிறதைச் சொல்கிறேன். இந்தத் தடத்தில் மறுபடி ரயில் விட வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மாப்ள. டெர்பியிலிருந்து மான்செஸ்டருக்குப் பெரியவனைப் பார்க்க ரயிலில் போனால் ஷெஃபீல்டையோ ஸ்டோக்கையோ சுற்றித்தான் போகிறோம். பக்ஸ்டன் பக்கத்துக் குவாரியிலிருந்து கல் லாரிகள் ரோட்டில் போகிறதை நானே பார்த்தேன். இந்தத் தடம் உயிரோடு இருந்தால் எவ்வளவோ மிச்சம். எல்லாம் தெரிந்தும், மாடத்திலிருந்து வெளியே வந்தபோது, இங்கே வண்டி வரவே கூடாது என்று மனசு கேட்டது.

யாரிடம் சொல்கிறேன் பார். 2010 கடைசியில் நம் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தியபோது, ரிட்டையரான அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வண்டிக்குக் கொடி காட்ட வைத்தவன் நீ. அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் வெறும் தடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் வண்டி திரும்பி வந்தபோது அவர் இல்லை. நீ போனில் அழுதாய், நானும் அழுதேன். அந்த அழுகை நிஜம், மான்சலில் நான் நினைத்ததும் நிஜம். இது ரெண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு உனக்கு என்ன பதில் பேசுவது என்று தெரியாமல்தான், ஊருக்கு வந்தும் ரெண்டு வாரம் தள்ளிப்போட்டேன்.

மூன்றாம் நாள் பேக்வெல்லில் புட்டிங் சாப்பிட்டுவிட்டு, மோனியாஷ் ஏற்றத்தைத் தள்ளிக் கடந்து வந்த வழியே திரும்பினோம். ஆஷ்போர்ன் வரைக்கும் இறக்கம், மிதிக்கவே வேண்டியதில்லை.

ஆகஸ்ட்டில் மகள் வீட்டுக்கு பர்மிங்காம் வருகிறாய் அல்லவா? லண்டனை ஒரு நாளில் பார்த்துவிடலாம். எனக்கு மூன்று நாள் கொடு. ஹை பீக் டிரெயிலை உனக்காகவே போகாமல் வைத்திருக்கிறேன். 1831-ல் ரெண்டு கால்வாய்களை இணைக்கப் போட்ட தடம். எட்டடிக்கு ஓரடி ஏறுகிற சரிவில் பெட்டிகளைக் கயிறு கட்டி இழுத்த நீராவி இஞ்சின், 1829-ல் செய்தது, மிடில்டன் டாப்பில் இன்னும் இருக்கிறது. அதை உன்னோடுதான் பார்க்க வேண்டும். அப்புறம் மான்சலுக்கும் போவோம். அந்த மாடத்தில் நீ ஒரு தடவை நின்று பார். அப்பா இருந்தால் இங்கே ரயில் வேண்டும் என்பாரா, பாதையே இருக்கட்டும் என்பாரா என்று அங்கே வைத்து எனக்குச் சொல்.

சீட் உயரம் வைக்க உன் கால் அளவு வேண்டும். கவட்டிலிருந்து தரை வரை, செருப்பில்லாமல். தங்கச்சியை விட்டு அளந்து அனுப்பு.

உன்
மாப்ள