பிள்ளைகள் மனசில் உள்ளதை எழுத ஒரு பாடவேளை கொடுங்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும், கடற்கரைப் பள்ளிகளில் தமிழ் நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பாம்பன் கரையில் மீனவர் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவள் நான். படகுச் சேதம், விட்டுப்போன மீன்பிடித் தடைக்கால நிவாரணம், முதியோர் பென்ஷன் என்று பலதும் வரும். எழுதக் கை கனப்பது, எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப்போனவர்களுக்காக வீட்டுப் பெண்கள் கேட்கும் மனுதான். அநேகமாகப் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த மகள் ஒருத்தி கூட வருவாள். தமிழில் நல்ல மார்க் வாங்கியவளாகவும் இருப்பாள். "நீயே எழுதேன் தாயி" என்று காகிதத்தைக் கொடுத்தால் அனுப்புநர், பெறுநர், பொருள் வரைக்கும் எழுத்து முத்து முத்தாக விழும். அப்புறம் பேனா நின்றுவிடும். "என்னன்னு எழுதுறதுக்கா?" என்பாள்.

பக்கத்தில் அவள் அம்மா பேசிக்கொண்டே இருப்பார். வீட்டுக்காரர் சுகர் மாத்திரையை எடுக்காமல் போய்விட்டார், அங்கே யார் கொடுப்பார்கள். வலைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். சின்னவன் ராத்திரி எழுந்து எழுந்து வாசலைப் பார்க்கிறான். மனுவுக்கு வேண்டியது அத்தனையும் அந்தப் பேச்சில் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் எழுதத் தக்கது என்று மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை. சிறையில் இருக்கும் அப்பாவுக்கு நாலு வரி எழுதச் சொன்னாலும் இதே கதைதான். "நலம், நலமறிய ஆவல்" என்பதோடு நின்றுவிடுகிறாள்.

இதை அந்தப் பிள்ளையின் குறையாக நான் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வின் 100 மதிப்பெண்ணில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று 5 மதிப்பெண் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை தன் கண்ணால் பார்த்து, தன் மனசில் பட்டதை எழுத அந்தத் தாளில் இருக்கும் நல்ல வாய்ப்பு அது. அதற்கும் எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி சில வரிகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறோம். கடலைப் பற்றிக் கட்டுரை கேட்டால், இந்தத் தீவில் பிறந்த பிள்ளை "மெல்லிய தென்றல் தாலாட்டியது" என்று எழுதுகிறது. வீட்டில் அதே பிள்ளை, கச்சான் (தென்மேற்குக் காற்று) ஏறிவிட்டது, தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பொங்குகிறது, அப்பா இன்றைக்குப் போகவில்லை என்று ஒரு பெரிய ஆளைப்போலச் சொல்லும். காற்றின் பேரும் கடலின் குணமும் வீட்டுக் கவலையும் அந்தப் பேச்சில் இருக்கின்றன. கட்டுரையில் ஒன்றுகூட இல்லை.

கடற்கரையைப் பாடும் நெய்தல் திணையின் உரிப்பொருள், அதாவது அதற்குரிய உணர்வு, இரங்கலும் இரங்கல் நிமித்தமும் என்று நம் பிள்ளைகள் ஒரு மதிப்பெண்ணுக்காக உருப்போடுகிறார்கள். கடலுக்குப் போனவன் திரும்பும்வரை கரையில் இருப்பவளின் தவிப்பு அதற்குள் அடங்கும். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் அது அன்றாடம் நடக்கிறது. "உங்கள் வீட்டில் அந்த நேரம் எப்படி இருக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டால் அந்தப் பாடம் முழுவதும் அவர்களுக்குத் திறந்துவிடும். அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோமே!

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிழையில்லாத தமிழ் எவ்வளவு முக்கியம் என்பது மனு எழுதுகிறவளுக்குத் தெரியும். தொல்காப்பியமே மெய்ப்பாட்டை, அதாவது உடம்பில் வெளிப்படும் மன உணர்வை, எட்டாக வகுத்து, அழுகை எதனால் வரும் என்று இளிவு (அவமானம்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை என நான்கு காரணம் சொல்கிறது. அவமானமும் வறுமையும் அழவைக்கும் என்று இலக்கண நூலிலேயே எழுதிவைத்தவர்கள் நம் முன்னோர். அந்த மொழியின் வகுப்பறையில் ஒரு பிள்ளை தன் வீட்டு வறுமையைப் பற்றி ஒரு வரி எழுத இடம் இல்லாமல் போகலாமா?

கீழக்கரையில் முந்தைய தலைமுறைப் பெண்கள் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்து படித்தார்கள். அந்த எழுத்திலேயே தமிழை எழுதி, பிழைப்புக்காகக் கடல் கடந்து போன கணவருக்குக் கடிதம் போட்டார்கள். அவர்களுக்குப் பாடத்திட்டமும் இல்லை, தேர்வும் இல்லை. சொல்ல ஒரு மனசும் கேட்க ஒரு ஆளும் இருந்தது. ஒப்பாரி வைக்கிற எங்கள் கிழவிகளும் அப்படித்தான், செத்தவரின் வாழ்க்கையை அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டிவிடுவார்கள். இவர்களின் பேத்திகளுக்குப் பன்னிரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த பிறகும் தன் மனசைச் சொல்ல வார்த்தை வரவில்லை என்றால், அந்தப் படிப்பில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் வாரத்துக்கு ஒரு பாடவேளை, மதிப்பெண் இல்லாமல், பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியதை எழுத விடுங்கள். தலைப்பு கொடுப்பதானால் அவர்கள் வாழ்க்கையிலிருந்து கொடுங்கள்: அம்மா கடல்பாசி எடுக்கப் போகும் காலை, விரல்களில் அவர் சுற்றிக்கொள்ளும் துணி, தடைக்காலத்தில் சும்மா இருக்கும் அப்பா. முதல் முறை சிவப்பு மை வேண்டாம். ஊர்ச் சொல் வந்தால் அடிக்காதீர்கள். பிழையை அப்புறம் அவர்களோடு உட்கார்ந்து திருத்தலாம். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்ட பிள்ளை அதைச் சரியாகச் சொல்லவும் ஆசைப்படும். ஆசிரியரும் அந்த நேரத்தில் தன் நோட்டில் எழுதினால் இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எழுது என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். சொல்லாமல் இருக்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. எழுதியதை அவர்கள் சம்மதமில்லாமல் வகுப்பில் வாசிக்கவோ, ஆண்டு விழா மேடைக்குக் கொண்டுபோகவோ, போட்டிக்கு அனுப்பவோ கூடாது. வீட்டில் அடி, உதை, அதைவிட மோசமானது ஏதாவது எழுத்தில் தெரிந்தால், அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தகவல் சொல்லுங்கள்.

வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது கடற்கரைப் பள்ளிகள் இரண்டு மூன்றிலாவது இதைத் தொடங்கிப் பாருங்கள். நோட்டுகளுக்கு ஆகும் செலவை ஊரில் கேட்டு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். எழுத வராத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். எந்த நாள், எந்தப் பள்ளி என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் கரையில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருத்தி