மான் படம் வந்தா மட்டும் மான் வந்துடாது

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்காவுல மான் வேட்டைக்கு காட்டுக்குள்ள, மிருகம் வந்தா தானா படம் எடுக்கற கேமரா வைக்கிறதப் பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன். சோபாவுல உக்காந்து போன்ல மானைப் பாத்துட்டு நேரா போய் சுட்டுட்டு வந்துடறாங்கன்னு போட்டிருந்தீங்க. நான் மிச்சிகன்ல பதினோரு வருஷமா இருக்கேன், என் கையால ஒரு கோழி கூட அறுத்ததில்ல, ஆனா பக்கத்து வீட்டு பெரியவரோட 40 ஏக்கர் காட்டுல கேமராவ மரத்துல பட்டை போட்டு கட்டுறது, பேட்டரி போடுறது, படம் பதியற மெமரி கார்டு மாத்துறது எல்லாம் பாதிக்கு மேல நான்தான். அந்த தைரியத்துல சொல்றேன், ரெண்டு வேற வேற கேமராவ ஒண்ணா போட்டு கொழப்பிட்டீங்க.

சிம் போட்ட கேமரா ஒண்ணு இருக்கு, மான் நடந்து முடிக்கறதுக்குள்ள படம் போனுக்கு வந்துடும். நீங்க திட்டுனது அதத்தான், அதுல எனக்கும் சண்டை இல்ல. வேட்டை ரெக்கார்டு வச்சிருக்கற பூன் அண்ட் க்ராக்கெட் கிளப்பே அப்படி அந்த நிமிஷம் வந்த படத்த வச்சு ஓடிப்போய் சுட்டத ஏத்துக்கறதில்ல. அரிசோனாவுல இன்னும் ஒரு படி மேல போய், 2022 ஜனவரிலேர்ந்து வேட்டைக்காக எந்த கேமராவுமே வைக்கக்கூடாதுன்னுட்டாங்க.

ஆனா கார்டு போட்ட கேமரா அப்படி இல்லைங்க, நேர்ல போய் கார்ட எடுத்துப் பாத்தாத்தான் படம். அது போன வாரம் என்ன நடந்துச்சுன்னுதான் சொல்லும், நாளைக்கு என்ன நடக்கும்னு நம்மதான் மண்டைய உடைச்சுக்கணும். மொத வருஷம் நான் கெழக்க பாத்து மாட்டிட்டேன், காலைல வந்த படம் பூரா வெள்ளையா வெளுத்துப்போச்சு, வடக்க பாத்து வைக்கணும்னு அப்புறம்தான் பெரியவர் சொன்னாரு (முன்னாடியே சொல்லிருக்கலாம்). அந்த சென்சார் சூடும் அசைவும் சேந்தா க்ளிக் பண்ணும், வெயில்ல சூடான புல்லு காத்துல ஆடுனாலும் அதுக்கு மான்தான், ஒரு கார்டு முழுக்க புல்லு புல்லா பாத்து கண்ணு பூத்துப்போச்சு.

கடிகார கதைய சொல்லியே ஆகணும். இங்க நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை எல்லா கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, கேமராவுக்கு யாரு போய் சொல்றது. ஓடைப் பக்கம் ஒரு பெரிய கிடா மான் சாயங்காலம் 5:50க்கு வர்றதா படத்துல இருந்துச்சு. சூரியன் மறைஞ்சு அரை மணி நேரத்துக்கு மேல இங்க சுடக்கூடாது, அதனால இது நமக்கு கெடைக்காத மான்னு பெரியவர் வேற பக்கம் போய் உக்காந்தாரு. துப்பாக்கி சீசன் இங்க நவம்பர் 15 ஆரம்பிச்சு 30 வரைக்கும்தான், அதுல ஏழெட்டு நாள் இப்படியே போச்சு. கடைசில அவங்க வீட்டம்மாதான் படத்த பாத்துட்டு, ஆறு மணிக்கு இருட்டியிருக்கணுமே, இது எப்படி கலர்ல இருக்குன்னு கேட்டாங்க. நெசமா பாத்தா அது 4:50! நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

அதுவும் போக கேமராவுக்கு காத்து தெரியாது. மான் மூக்கால வாழற மிருகம், அதனால பெரியவர் ஒரு நோட்டு வச்சு ஒவ்வொரு படத்துக்கும் எதிர்ல அன்னிக்கு காத்து எந்தப் பக்கம்னு எழுதுவாரு, மூணு வருஷம் எழுதினப்புறம்தான் மேக்காத்து அடிச்சா ஓடை வழி, தெற்கேர்ந்து அடிச்சா மேட்டு வழின்னு ஒரு மாதிரி பிடிபட்டுச்சு. ஆசையா இருக்குன்னு நாலு நாளைக்கு ஒருக்கா கார்டு எடுக்கப் போனா நம்ம வாடைய மோந்துட்டு அது தடத்தையே மாத்திடும். இத எல்லாம் சோபா வேட்டைன்னு சொன்னா எப்படிங்க?

இன்னொன்னு, இது ஏதோ நேத்து வந்த சமாச்சாரம் மாதிரி எழுதியிருந்தீங்க. இதே மிச்சிகன் வடக்குல ஏரிக்கரைல ஜார்ஜ் ஷிராஸ்னு ஒரு வக்கீல் கயித்த கட்டி வச்சு, மான் இடறுனா ஃப்ளாஷ் வெடிச்சு தன்னைத்தானே படம் புடிச்சுக்கற மாதிரி செஞ்சாரு. 1906ல அவரோட 74 படத்த நேஷனல் ஜியாக்ரஃபிக் போட்டுச்சு. அவரும் மொதல்ல துப்பாக்கி தூக்குனவர்தான். நம்ம ஊர்ல புலி ஆராய்ச்சி பண்ற உல்லாஸ் காரந்த், கர்நாடகாவுல நாகரஹொளே காட்டுல புலிய அது உடம்பு வரிய வச்சு எண்ணுனதும் கேமரா வச்சுத்தான்.

கடைசியா ஒரு திருத்தம். கட்டுரையோட நீங்க போட்டிருந்தது நம்ம புள்ளிமான் படம். டெக்சாஸ்ல கொண்டு போய் விட்டதுங்க இருக்கு, இல்லேன்னு சொல்லல, ஆனா கட்டுரை வெள்ளைவால் மானப் பத்தி, அதுல குட்டிக்கு மட்டும்தான் புள்ளி இருக்கும். அடுத்த தடவ படம் வேணும்னா கேளுங்க, வால தூக்கிக்கிட்டு எங்களுக்கு முதுக காட்டி ஓடறதே நூறு இருக்கு.

இப்படிக்கு,
மிச்சிகன்லேர்ந்து ஒரு வாசகர்