குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை தெருவிளக்கில் தொடங்கிச் சாக்கடையில் முடியும். இவ்வாண்டு அவை இரண்டும் பின்னால் வருகின்றன. நம் துணைத் தலைவராகவும், நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்ப மருத்துவராகவும் இருந்த டாக்டர் அம்மா மக்களவை உறுப்பினராகிவிட்டார். வேட்புமனு தாக்கல் செய்வதற்கு முன்பே சங்கப் பொறுப்பிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தார். சங்கம் கட்சி சார்பற்றது என்பதால் தேர்தல் முடியும்வரை நம் பெயரில் ஒரு தட்டிகூட வைக்கக் கூடாது என்று செயற்குழு தீர்மானித்தது. சிலருக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. வெற்றிக்குப் பின் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் ஓடியாடி நாற்காலி போட்டவர்களும் அவர்களே.

அக்கூட்டத்தில் பேசிய பலரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைவுகூர்ந்தார்கள். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தேவதாசி முறை ஒழிப்புக்காக வாதாடியவர். 1930இல் காந்தி கைதானபோது பதவியைத் துறந்தவர். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானவர். நல்ல ஒப்பீடுதான். ஆனால் அவர் நியமன உறுப்பினராகச் சென்றவர். வாசல் வாசலாக வாக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நம் டாக்டர் அம்மா கைகூப்பி நின்ற வீடுகளில், "வந்ததுதான் வந்தீர்கள், பிரஷரைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இவ்வாண்டு செயற்குழுவுக்கு அதிக வேலை வைத்தது கிளினிக்கின் மர அலமாரி. வீட்டுக்கு ஒரு கோப்பு என்பது டாக்டர் அம்மாவின் முறை. தாத்தாவின் சர்க்கரை அளவும் பேரனின் தடுப்பூசியும் ஒரே அட்டைக்குள் இருக்கும். யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பது மேலுறையில் சிவப்பு மையில் இருக்கும். புதிய மருத்துவரிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நோயாளியின் சம்மதமில்லாமல் ஒரு தாளும் கைமாறக் கூடாது என்று டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே உட்கார்ந்து கோப்புகளை அந்தந்த வீட்டாரிடம் கொடுத்தார். பாகம் பிரிந்துபோன அண்ணன் தம்பி இருவர் ஒரே கோப்புக்கு வந்து நின்றதுதான் சிக்கல். யாருக்கு உரியதோ அந்தப் பக்கங்களைத் தனித்தனியே பிரித்து, அப்பாவின் பக்கங்களை மட்டும் அவர் ஒப்புதலோடு நகலெடுத்து இருவருக்கும் கொடுத்தோம். சொத்துப் பிரிவினையும் இவ்வளவு சுமுகமாக நடந்திருக்கலாம் என்று அந்த அப்பா சொன்னார்.

அடுத்து, நம் மனு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரவு நேர மருத்துவர் வேண்டும் என்று கேட்டிருந்தோம். நம்மவரே நாடாளுமன்றத்தில் இருக்கும்போது ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நம்பியவர்களில் செயற்குழுவினரும் உண்டு. அவருடைய பதில் நேர்மையானது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவரை நியமிப்பது மாநில அரசு; மக்களவை உறுப்பினர் எழுதிக் கேட்கலாம், அவ்வளவுதான். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்றாலும் அது அவர் கைக்கு வருவதில்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் கொடுத்துச் செலவு செய்யும். அதுவும் கட்டடம் போன்ற நிலையான சொத்துகளுக்கு மட்டுமே; சம்பளத்துக்கு அதில் வழியில்லை. ஆக, சுகாதார நிலையத்துக்கு அறை கிடைக்கலாம், அறையில் உட்கார ஆள் கிடைக்கமாட்டார். மனுவை மாநிலச் சுகாதாரத் துறைக்கு மாற்றி அனுப்பியிருக்கிறோம். அவருடைய கடிதமும் இணைக்கப்பட்டிருக்கிறது.

அவரால் உடனே ஆகிற உதவி ஒன்று உண்டு. இதய அறுவை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் ஆகியவற்றின் சிகிச்சைக்குப் பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிப்போருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கிறார். மருத்துவச் சான்றைப் படித்துப் புரிந்துகொண்டு எழுதுகிறவர் என்பதால், குறையுள்ள விண்ணப்பத்தை அங்கேயே திருத்தி அனுப்புகிறார். தலைவலி, இருமலுக்கு அவருடைய தொகுதி அலுவலகத்தில் போய் நிற்க வேண்டாம் என்று உறுப்பினர்களை மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். அலுவலக உதவியாளர் என்னிடம் இருமுறை புகார் சொல்லிவிட்டார்.

பதவியில் இருந்துகொண்டே மருத்துவம் பார்க்கத் தடையில்லை. கூட்டத்தொடர் இல்லாத வாரங்களில் சனிக்கிழமை கிளினிக்கைத் திறக்க முயன்றார். வந்தவர்களில் பாதிப்பேர் கையில் மருந்துச்சீட்டுக்குப் பதிலாகப் பட்டா மனு இருந்தது. நான்காவது வாரத்தோடு நிறுத்திவிட்டார். அது சரியான முடிவு என்பது என் கருத்து, தலைவருக்கு உடன்பாடில்லை.

புதிய மருத்துவர் மாலையில் மட்டும் வருகிறார். நிதானமானவர். பழைய கோப்பை எடுத்துச் சென்றால் முழுவதும் படிக்கிறார்; ஆகவே வீட்டில் பரணில் போட்டுவிடாதீர்கள்.

தெருவிளக்குகளில் இரண்டு இன்னும் எரியவில்லை. வடிகால் பணி முடிந்தது. துணைத் தலைவர் இடத்துக்கு இன்று தேர்தல் நடக்கும். மனுக்களை மேசையில் கொடுக்கலாம். வரவு செலவுக் கணக்கை இப்போது பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்