கிட் வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நேற்று தனியாகவே பாசார் போய்வந்தாள். மழைதான் விட்டபாடில்லை. மத்தியானம் மூன்று மணியானால் புக்கிட் மெர்தாஜாம் மலை கண்ணுக்குத் தெரிவதில்லை.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். என் பழைய பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளின் இன்ஜினைப் பெரிதாக்கும் இரண்டு சிலிண்டர், இரண்டு பிஸ்டன், எல்லாம் பளபளவென்று பெட்டியில். "பிறந்தநாளுக்கு இந்த ஆயிரம் சிசி கிட்டை ஆர்டர் பண்ணட்டுமாப்பா?" என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். ஏன் என்று நீ கேட்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. காசு செலவாகுமே என்று அப்பா தயங்குகிறார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். காசும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வரிசையில் அது கடைசி. மற்றதை ஃபோனில் சொன்னால் பாதியிலே விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கார் ஒரு மாதமாக வெளியே வெயிலில் நிற்கிறது. போர்ச் முழுக்க மோட்டார்தான். கியர்பாக்ஸ் செருப்பு வைக்கும் இடத்தில். முன்னால் காற்றையும் மழையையும் தடுக்கும் ஃபேரிங்கை உன் அறையில், உன் கட்டில்மேல், பழைய பெட்ஷீட் போர்த்திப் படுக்கவைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆள் படுத்திருப்பதுபோல் இருக்கிறதாம், ராத்திரி அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறாள்.

இன்ஜினைப் பிரிக்கவேண்டி வந்தது எக்ஸாஸ்ட் வால்வால். நீ ஃபார்ம் ஃபைவ் படிக்கும்போது இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் பிடித்தாயே, நினைவிருக்கும். இந்த ஆர்80 ஆர்டிக்கு இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளி இன்டேக் 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.20. சாமான் தேய்ந்தால் இடைவெளி கூடும், டக் டக் என்று சத்தம் கேட்கும், நாமும் போய்ப் பார்ப்போம். இடது பக்க எக்ஸாஸ்டில் நடந்தது நேர்மாறு. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. குறைந்தால் சத்தமே வராது. இன்ஜின் முன்னைவிட நைசாக ஓடுவதாகக்கூடத் தோன்றும். அதுதான் இதில் உள்ள கள்ளத்தனம். வால்வு தான் வந்து உட்காரும் வளையத்தை, அதாவது சீட்டை, தின்று உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலத்து வண்டிகள் ஓடியது ஈயம் கலந்த பெட்ரோலில். ஈயம் சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து வால்வு விழும் அடியைத் தாங்கிக்கொண்டது. இன்று நாம் ஊற்றும் ரோன்95 பெட்ரோலில் அது கிடையாது. வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கிவைப்பது சீட்டில் உட்காரும் அந்தக் கண நேரத்தில்தான். இடைவெளி அடியோடு போய்விட்டால் வால்வு முழுதாக உட்காராது, சூடு இறங்காது, விளிம்பு எரிந்துபோகும். எரியும்வரை விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

வால்வுகள் இருக்கும் ஹெட்டைக் கழற்றுவது இந்த வண்டியில் பெரிய விஷயமே இல்லை. சிலிண்டர் இரண்டும் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பதால் இன்ஜினை ஃப்ரேமிலிருந்து இறக்கவே வேண்டாம், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். என் வயதுக்கு அதுவே பெரிய தயவு.

சீட் மாற்றுவது மட்டும் நம் வீட்டு வேலை இல்லை. ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தவுக்கே இருக்கிறார், லோரி ஹெட் எல்லாம் அவர் கைதான். ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "போலே", முடியும் என்று ஒரே வார்த்தை சொன்னார். பழைய சீட்டைக் குடைந்தெடுத்து, ஹெட்டை ஓவனில் சூடாக்கினார். புதுச் சீட்டு ஐஸ்பெட்டியில், அவருடைய சோயாபால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அலுமினியம் சூட்டில் விரிந்திருக்கும், இரும்பு குளிரில் சுருங்கியிருக்கும்; அந்த நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இடுக்கியால் எடுத்து வைத்தார், டொக் என்று இறங்கியது. சுத்தியல் தொடவே இல்லை. இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தபிறகு அதை இனி யாரும் சும்மா பிடுங்க முடியாது. பிறகு வால்வு கைடு மாற்றி, 45 டிகிரியில் சீட் வெட்டி, மேலும் கீழும் வேறு கோணத்தில் சீவி, வால்வு உட்காரும் வளையத்தை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தார். நீலச் சாயம் தடவி வைத்து எடுத்துக் காட்டினார். சுற்றிலும் ஒரே அகலத்தில் மோதிரம்போல் தடம். எக்ஸாஸ்ட் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம், நான் பால் விடாத தே ஓ குடித்து முடிக்கும்வரை ஒரு சொட்டு கசியவில்லை. அப்படிப்பட்ட கைவேலைக்குக் கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். அம்மாவிடம் தொகையைச் சொல்லாதே.

ஹெட் போன நேரத்தில் பின்பக்கமும் கை வைத்தேன். கிளட்ச் பக்கமிருந்து எண்ணெய் சொட்டி போர்ச் சிமெண்டில் கறை விழுந்ததை நீயே போன தடவை காட்டினாய். பின் மெயின் சீலும் ஆயில் பம்ப் மூடியின் ஓ-ரிங்கும்தான் காரணம். அதை மாற்ற கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் வெளியே வரவேண்டும். இந்த இடத்தில்தான் பலபேர் இந்த இன்ஜினைக் கொன்றிருக்கிறார்கள். ஃப்ளைவீலைக் கழற்றுமுன், அதைச் சுற்றும் தண்டான கிரேங்க் முன்னால் நகராதபடி முன்பக்கத்திலிருந்து முட்டுக்கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் கிரேங்க் ஒரு துளி முன்னே வரும், உள்ளே இருக்கும் த்ரஸ்ட் வாஷர் தன் ஊசியை விட்டு நழுவிக் கீழே இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படியே ஃப்ளைவீலை மாட்டி போல்ட்டை முறுக்கினால் போச்சு, இன்ஜின் கேஸே கெட்டுவிடும். நான் ஆல்டர்னேட்டர் போல்ட் தலையில் ஒரு அல்லன் கீ துண்டை வைத்து, முன் மூடியை அதன்மேல் அழுத்தி முறுக்கிவிட்டேன். கிரேங்க்கைக் கையால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அதன் பிறகுதான் பின்னால் ஸ்பேனரே வைத்தேன். முன் மூடியைத் தொடுமுன் பேட்டரி வயரைக் கழற்றவேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆல்டர்னேட்டர் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றும் டயோட் போர்டில் எப்போதும் கரண்ட் இருக்கும், மூடி அதில் பட்டால் புகைதான்.

இன்ஜின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பைத் திறந்தபோது பார்க்கவேண்டுமே! எண்ணெய் உறிஞ்சும் வலையில் சிவப்பு சிலிக்கோன் துணுக்குகள், புழுப்போலச் சுருண்டு. எப்போதோ எந்தப் பட்டறையிலோ கேஸ்கெட்டுக்குப் பதிலாக அள்ளி அப்பியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்திருப்பார்கள், உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? ஒவ்வொன்றாக ஊசியால் எடுத்தேன். சிலிக்கோன் டியூப்பைக் கடையில் விற்பதற்கே லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் போடலாம்.

இனி உன் கிட்டுக்கு வருகிறேன். இப்போதிருக்கும் 84.8 மில்லிமீட்டர் பிஸ்டனை எடுத்துவிட்டு 94 போட்டால், ஸ்ட்ரோக் அதே 70.6 இருக்க, 797 சிசி 980 ஆகிவிடும். கேஸைக் குடைய வேண்டாம், அதே ஸ்டட்டில் மாட்டி முறுக்கினால் வேலை முடிந்தது. ஆசை வருவது நியாயம்தான். எனக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பார். அதிகம் எரித்தால் அதிகம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற வேண்டியது அதே ஹெட், அதே எண்ணெய். வால்வும் 32 மில்லிமீட்டர் கார்புரேட்டரும் எண்ணூறுக்கு அளந்து செய்தவை. நீ இருக்கும் மெல்பர்னில் குளிர்காலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. இங்கே சாயங்காலம் பினாங்குப் பாலத்தில் 13.5 கிலோமீட்டரும் ஊர்ந்துபோகும்போது காற்று எங்கே இருக்கிறது, காற்றால் குளிரும் இன்ஜினுக்கு? டிப்ஸ்டிக்குக்குப் பதிலாக எண்ணெய்ச் சூடு காட்டும் மீட்டர் ஒன்று போட்டிருக்கிறேனே, ஜாமில் அந்த முள் ஏறுவதைப் பார்த்தால் இன்னும் 180 சிசி சேர்க்க யாருக்கும் மனம் வராது.

சக்திதான் குறைவா என்றால் அதுவும் இல்லை. ஐம்பது குதிரைச்சக்தி. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு நானும் அம்மாவும் இரண்டு பெட்டிச் சாமானோடு ஏறினோம். லோரியை முந்தும்போது ஒரு கியர் குறைக்கவேண்டும், அவ்வளவுதான். கியர் குறைக்கச் சோம்பல்பட்டு ஆயிரம் சிசி போடுகிறவன் ஆட்டோ கார் வாங்கிக்கொள்ளலாம்.

சட்டமும் இருக்கிறது. வண்டியின் பதிவுக் கிராண்டில் 797 என்று இருக்கிறது. சிசியை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் சொல்லிப் பதிவை மாற்றவேண்டும், வண்டி பரிசோதிக்கும் புஸ்பாகோமில் வண்டியைக் காட்டவேண்டும். ரோட் டாக்ஸ் 250 வெள்ளியிலிருந்து 350 ஆகும். வெளியே பார்த்தால் யாருக்குத் தெரியும் என்பார்கள். விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரியும்.

அதற்காக ஒன்றுமே மாற்றவில்லை என்று நினைத்துவிடாதே. டயோட் போர்டு ரப்பர் காலில் நிற்கிறது, சூட்டில் அந்த ரப்பர் வெடித்துப் போகும். எடுத்துவிட்டு அலுமினியக் கால் போட்டேன், லேத்தில் நானே கடைந்தது. பிறையில் ஃபேக்டரி வேலை பார்த்த கை இன்னும் மறக்கவில்லை. ஆல்டர்னேட்டர் ரோட்டரையும் மாற்றினேன். பழையது மீட்டரில் மூன்று ஓம் காட்டியது, ஆனால் சூடானதும் கம்பி அறுந்ததுபோல் மீட்டர் ஒன்றுமே காட்டாது, ஆறினால் திரும்ப மூன்று ஓம். சம்ப்புக்கு வளையம் வைத்து ஆழமாக்கி எண்ணெய் அளவைக் கூட்டினேன், உறிஞ்சு குழாயையும் அதற்கேற்பக் கீழே இறக்கினேன். அதை இறக்காமல் சம்ப்பை மட்டும் ஆழமாக்கினால் பிரயோஜனமில்லை. சம்ப் தாழ்ந்துவிட்டதால் நம் தாமான் தெருக்களில் இருக்கும் வேகத்தடை பம்பர்களைத்தான் இனி கொஞ்சம் பயந்து ஏறவேண்டும்.

சிலிண்டர் நட் 15, 25, கடைசியில் 35 நியூட்டன் மீட்டர் என்று மூன்று சுற்றாக, குறுக்குக் குறுக்காக முறுக்கியாகிவிட்டது. அலுமினியத்தில் இறங்கிய ஸ்டட். ஒரு இழுப்பு அதிகமானால் மரையோடு கையில் வந்துவிடும். டார்க் ரென்ச் டிக் என்றதும் கையை எடுத்துவிட்டேன். ஒரு இழுப்பு இழுத்துப்போடுங்களேன் என்று பக்கத்து வீட்டு பாக்சிக் சொன்னார், கேட்கவில்லை. கியர்பாக்ஸ் ஸ்ப்ளைனில் கிரீஸ் வைத்து அடுத்த வாரம் மாட்டுவேன். முதல் ஆயிரம் கிலோமீட்டர் பட்டர்வொர்த், கூலிம், சுங்கை பட்டாணி என்று மெதுவாக ஓட்டிவிட்டு, நட்டைத் திரும்ப முறுக்கி வால்வு பார்க்கவேண்டும். இடது எக்ஸாஸ்ட் 0.20-லேயே நின்றால் தவுக்கேவுக்கு ஒரு டஜன் டுரியான்.

நீ தைப்பூசத்துக்கு வருகிறாய் என்று அம்மா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறாள், அது முடிந்த மறுவாரம் கெரிக்கிலிருந்து ஜெலி வரை கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் போய்வரலாம் என்று நினைக்கிறேன். கெரிக்கில் டேங்கை நிரப்பிவிட வேண்டும், 24 லிட்டர் பிடிக்கும், தாராளம். யானை கடக்கும் இடம் என்று போர்டு போட்டிருக்கும் பகுதியை இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும், அதனால் விடியற்காலையில் கிளம்பலாம். மலையில் மழை பிடித்தாலும் ஃபேரிங் இருக்கிறது. உன் பழைய ஹெல்மெட் உள்ளே ஸ்பாஞ்சு உதிர்கிறது, அங்கிருந்து உன் அளவில் ஒன்று கொண்டுவா.

கிட்டுக்குக் கொடுக்க நினைத்த காசில் எனக்கு ஏதாவது வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், பிங் கார்புரேட்டர் டயஃப்ராம் இரண்டு, 32 மில்லிமீட்டருக்கு உரியது, அதோடு புஷ்ராட் குழாய் ரப்பர் நான்கு. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆர்டர் போடுமுன் படம் அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். அம்மா கேட்ட முழங்கால் மருந்தை முதலில் வாங்கிவிடு. ரப்பரை வாங்கிக்கொண்டு மருந்தை மறந்துவந்தால் எனக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது.

அன்புடன்,
அப்பா