ஓடிவந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் அதிக மதிப்பெண் எடுத்த மாணவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். அதே நாட்களில் வீட்டில் சொல்லாமல் ரயிலேறும் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 2018 முதல் 2024 மே வரை ரயில்வே பாதுகாப்புப் படை நாடு முழுவதும் மீட்ட குழந்தைகள் மட்டுமே 84,000க்கும் மேல். யார் கண்ணிலும் படாமல் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓடிவந்த பிள்ளையை அடையாளம் காண்பது கடினமல்ல. ஊர் போகும் ஏதாவது ஒரு குடும்பத்தை ஒட்டி, அவர்களோடு வந்தவன்போல உட்கார்ந்திருப்பான். முதுகில் பள்ளிப் பை. உள்ளே புத்தகம் இருக்காது, ஒரு சட்டையும் போர்வையும் இருக்கும். பசிக்குக் குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பான். கேட்டால், "மாமா வருவார்" என்பான். நாம் கேட்பதற்கு முன்பே பரோட்டா பொட்டலத்தோடு வேறொருவர் போய் உட்கார்ந்துவிட்டால், அவன் அடுத்து இறங்கும் இடம் பிள்ளைகளை அடிமைபோல வேலை வாங்கும், வடக்கே உள்ள ஏதோ ஒரு முறுக்குக் கம்பெனியாக இருக்கலாம். முதல் இரவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சட்டத்தில் குறையில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. பிறகு? அங்கேதான் பணம் குறுக்கே நிற்கிறது. மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிரும் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், காப்பகத்தில் உள்ள ஒரு குழந்தையின் பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய். ஊழியர் சம்பளம் தனி என்றாலும், வளரும் பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, உடுப்பு, சோப்பு, எண்ணெய் அத்தனையும் நாளொன்றுக்கு நூறு ரூபாயில் முடிய வேண்டும். இன்றைய விலைவாசியில் இந்தத் தொகையை நிர்ணயித்தவர்கள் ஒரு மாதம் சமைத்துக் காட்டட்டும்.

சோறும் பாயும் மட்டும் போதாது. அப்பாவின் அடிக்குப் பயந்து வந்தவனை விசாரிக்காமல் மறுநாளே அதே அப்பாவிடம் ஒப்படைத்தால் மீண்டும் ஓடுவான். அடுத்த முறை ஆள் நடமாட்டமுள்ள நடைமேடையில் நிற்க மாட்டான். ஏன் வந்தான் என்பதை அவன் வாயைத் திறந்து சொல்வது பெரும்பாலும் விளக்கணைத்த பிறகுதான். அந்த நேரத்தில் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்க நிதி வேண்டும்.

பதினெட்டு முடிந்தவர்களின் நிலை இன்னும் மோசம். காப்பகத்தில் வளர்ந்து வெளியேறுவோருக்குப் பிற்காப்பு உதவியாக மாதம் 4,000 ரூபாய் வரை தர வழி இருக்கிறது. சென்னையில் விடுதிக் கட்டில் வாடகைக்கே அது போய்விடும். அந்த உதவியும்கூட, பதினெட்டரை வயதில் முதன்முறையாக வீட்டைவிட்டு வெளியேறுபவருக்குக் கிடையாது. கட்டாயத் திருமணத்துக்குப் பயந்து வந்த பெண்ணுக்கு பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாட்கள் தங்க இடம் உண்டு. திருநங்கை என்று தெரிந்ததும் வீட்டார் துரத்திய பிள்ளைக்கு ஒரு சில ஊர்களில் தனிக் காப்பகம் உண்டு. குடிகாரத் தந்தையோடு மல்லுக்கட்டி வெளியேறிய பையன் எங்கே போவான்? மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகத்தில், வாழ்ந்து களைத்த முதியவர்களுக்கு நடுவே ஒரு பாய் கிடைக்கலாம். படிப்பைத் தொடரவோ, தொழில் பழகவோ அங்கே யார் வழிகாட்டுவார்கள்?

மத்திய அரசு தொகையை உயர்த்தட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போட முன்வந்த தமிழக அரசு, காப்பகக் குழந்தையின் 3,000 ரூபாயோடு தன் பங்காகக் கூடுதல் தொகை சேர்ப்பது பெரிய சுமையாகிவிடாது. சென்னை, மதுரை, கோவை, திருச்சி போன்ற பெரிய ரயில் நிலையங்களுக்கு அருகில், 18 முதல் 21 வயதினருக்கென்று தனித் தங்குமிடங்களையும் தொடங்க வேண்டும். சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் மானியக் கோரிக்கை அடுத்து சட்டப்பேரவைக்கு வரும்போது, எந்தக் கட்சி உறுப்பினராவது எழுந்து இந்த நூறு ரூபாய்க் கணக்கைக் கேட்க வேண்டும். அதுவரை தங்கள் நாளிதழ் இதை விடாமல் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பெரம்பூர், சென்னை.