வலப்பக்கம் உட்கார்ந்தவளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "பாட்டி பாட்டியா ஆகறதுக்கு முன்னாடி எப்படிம்மா இருந்தாங்க?" என்றாய். "நல்லா இருந்தாங்க, நிறைய கஷ்டப்பட்டாங்க" என்று ஏதோ சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. 84 வருஷம் வாழ்ந்தவளை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டேனே என்று உறுத்தியது. அதனால் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு அவள் பாட்டி, எனக்கு அம்மா. அம்மா என்று எழுதினால்தான் எனக்குக் கை ஓடும்.

அவள் குரலிலிருந்து தொடங்குகிறேன். நீ கேட்டதெல்லாம் கரகரத்து, இடையிடையே மூச்சு வாங்கிய குரல். என் சிறு வயதில் அது அப்படி இல்லை. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும். அந்தக் குரலுக்காகத்தான் 20 வயதில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது என்பாள்.

அந்த வேலை எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அதைப் பார்க்கவே முடியாது. டயல் செய்தால் நேராக அந்தப் பக்கம் மணி அடிக்காத காலம். ஒருவர் ரிசீவரை எடுத்ததும் அம்மாவுக்கு முன்னால் இருக்கும் போர்டில் ஒரு சின்ன விளக்கு எரியும். உடனே ஒரு ஒயரின் முனையை அந்தத் துளையில் செருகி, என்ன நம்பர் வேண்டும் என்று கேட்பாள். அதன் ஜோடி ஒயரை அவர் கேட்ட நம்பரின் துளையில் செருகி மணி அடிக்க விடுவாள். பேசி முடித்து வைத்தார்கள் என்றால் அதையும் விளக்குதான் காட்டும். இரண்டு ஒயரையும் உருவ வேண்டும். அதற்குள் வேறு நான்கு விளக்கு எரியும். வெளியூர்ப் பேச்சு என்றால் ட்ரங்க் கால். பதிவு செய்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். லைன் கிடைத்ததும் இவள்தான் கூப்பிட்டுச் சொல்வாள். காதில் ஹெட்செட், எட்டு மணி நேரம்.

குரலை வைத்தே என்ன சேதி என்று கண்டுபிடித்துவிடலாம் என்று ஒருநாள் சொன்னாள். பிள்ளை பிறந்த சேதி, சாவுச் சேதி இரண்டிலும் அவசரம் இருக்குமாம். "ஆனா சாவுக்குக் கூப்பிடறவங்க நம்பரை ரெண்டு தடவை சொல்லுவாங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. யார், யாருக்கு, எப்போது என்று நான் எவ்வளவோ நச்சரித்துப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் லைனில் காதில் விழுந்ததை அவள் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்று. தொலைபேசி வந்த புதிதில் இந்த வேலையைப் பையன்கள்தான் செய்தார்கள். கூப்பிடுபவர்களிடம் துடுக்காகப் பேசினார்கள் என்று 1878 செப்டம்பர் 1 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். உலகின் முதல் பெண் ஆபரேட்டர் அவர்தான். இதை எங்கோ படித்துவிட்டு அம்மாவிடம் ஆசையாகச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "ஒருத்தியேவா? அவ எழுந்து போனா போர்டை யாரு பார்ப்பா?" அன்றைக்கே சில மணி நேரம் கழித்து அவருடைய சகோதரி ஸ்டெல்லாவும் சேர்ந்தார் என்றேன். "அப்ப சரி" என்று அவள் விட்ட மூச்சில் அவ்வளவு நிம்மதி, ஏதோ பக்கத்துச் சீட்டுக்காரிக்குத் துணை கிடைத்ததுபோல.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அரை மணி நேரம் யாரும் பேசக் கூடாது. விளக்கைப் போடாமல் உள்ளறையில் உட்கார்ந்திருப்பாள். பள்ளியில் நடந்ததைச் சொல்ல ஓடிப் போய் நான் எத்தனையோ முறை கதவருகிலேயே திரும்பியிருக்கிறேன். ஊரார் பேச்சையெல்லாம் கேட்கிறாள், என் பேச்சைக் கேட்க மாட்டாளா என்று பொருமுவேன். 15, 16 வயதில் அது வெறுப்பாகவே ஆகியிருந்தது. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. நீ பார்த்த பாட்டி மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்தவள். என்னை அவள் கட்டி அணைத்ததாக எனக்கு ஒரு நினைவுகூட இல்லை. அப்பா போனபோது அவளுக்கு 41 வயது, நாங்கள் மூன்று பேர். எங்கள் முன்னால் அவள் அழவே இல்லை. தன் அண்ணனோடு 11 வருஷம் பேசாமல் இருந்தாள், அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் போய்ப் பார்த்தாள். சட்டம் போட்டு மாட்டிய போட்டோவில் இருக்கும் சிரித்த முகத்தை மட்டும் நீ வைத்துக்கொண்டால் இவ்வளவும் போய்விடும். எனக்கு அது பிடிக்கவில்லை.

நேரடி டயல் வந்ததும் போர்டுகளை எடுத்துவிட்டார்கள். அவளை ஒரு மேசையில் உட்காரவைத்துக் காகிதம் பார்க்கச் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை செய்தாள். அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

கடைசிப் பத்து வருஷம் அவள் பேச்செல்லாம் அந்தப் போர்டுதான். முதல் நாள் ஒயரை மாற்றிச் செருகியது, ராத்திரி ஷிப்டில் எல்லா விளக்கும் அணைந்திருந்த ஒரு மணி நேரம், கூட வேலை பார்த்தவள் பாடிக் காட்டியது. வயதானவர்களுக்கு 10 வயதிலிருந்து 30 வயதுவரை நடந்தவைதான் மற்ற காலத்தைவிட அதிகமாக நினைவுக்கு வரும் என்று உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அம்மாவும் அந்த 20 வருஷத்துக்குள்தான் சுற்றி வந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இதை நேத்தே சொல்லிட்டியேம்மா" என்பேன். ஒருதரம் இல்லை, பலதரம். அவள் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவள் போன பிறகு ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963ல் எழுதியதைப் பற்றிப் படித்தேன். வயதானவர்கள் பழசையே பேசுவதை மூளை தளர்ந்ததன் அடையாளமாகப் பார்த்த காலத்தில், அது இயல்பானது, முடிவு நெருங்குவதை உணரும் மனிதர் தன் வாழ்க்கையை எடுத்து வைத்துப் பார்த்து, தீராமல் கிடந்ததைத் தீர்த்துக்கொள்ளும் வேலை அது என்று அவர் சொன்னார். படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அந்த வேலையை அவள் செய்துகொண்டிருந்தபோது குறுக்கே கை போட்டவள் நான்.

அவள் கணக்கு நோட்டுகளை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். வரவு, செலவு, வேறொன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்தில் ஒற்றை வரிகள் இருக்கின்றன. "பெரியவன் பேசவில்லை." "இன்று தூக்கம் வந்தது." நான் பரீட்சையில் தோற்று வந்த நாளில், "சின்னவளைத் திட்டியிருக்க வேண்டாம்." அந்த வரியைப் படிக்க எனக்கு 57 வயது ஆக வேண்டியிருந்தது. நீ பிறந்த நாளில் கணக்கே எழுதவில்லை. பக்கம் முழுக்க உன் எடையும் நேரமும்தான்: "2.9 கிலோ. விடியற்காலை 4.10. நல்ல குரல்."

உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? ஒரு பெண் குழந்தை வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதன் சூலகத்தில் 60, 70 லட்சம் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10, 20 லட்சம்தான் மிஞ்சும். அப்படியென்றால் நீ உருவான அந்த ஒரு முட்டை, நான் என் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே என்னுள் இருந்திருக்கிறது. அவள் போர்டின் முன்னால் உட்கார்ந்து நம்பர் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் நானும் அங்கே இருந்தேன், உன் தொடக்கமும் அங்கே இருந்தது. உங்கள் இருவருக்கும் நடுவில் நான் வந்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இனி எதற்காக இந்தக் கடிதம் என்று சொல்கிறேன். அம்மாவின் பழைய மருத்துவ ரிப்போர்ட்டுகளை அடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. அவளுக்கு இடது காது கேட்காது. 12 வருஷத்துக்கு மேலாக. எனக்குத் தெரியாது, உன் மாமாவுக்கும் தெரியாது. காதை வைத்தே வாழ்ந்தவள், அது போனதை எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் கூப்பிட்டுத் திரும்பாதபோது பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டோம்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நீ நினைவுக்கு வந்தாய். ஒன்பது, பத்து வயது உனக்கு. பாட்டி எங்கே உட்கார்ந்தாலும் உன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அவளுக்கு வலப்பக்கம் போடுவாய். தரையில் கோடு விழுகிறதென்று நான் உன்னைத் திட்டுவேன். நீ பதில் சொல்லாமல் மறுபடி இழுப்பாய். உனக்குத் தெரிந்திருக்கிறது!

ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் அவள் கண் திறக்கவில்லை. நீ அங்கிருந்து போனில் பேசினாய். நான் போனை அவள் வலது காதில்தான் வைத்தேன், தற்செயலாக, அந்தப் பக்கம் இடம் இருந்ததால். நினைவிழந்து கிடக்கும் சிலரின் மூளை, கடைசி மணி நேரங்களில்கூட ஒலிக்கு அசைவு காட்டுகிறது என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2020ல் வெளிவந்தது. கேட்டது புரிகிறதா என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் உன் குரல் அவள் காதுக்குள் போயிருக்கலாம். நேரில் வர முடியவில்லையே என்று நீ அழும்போதெல்லாம் இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

எனக்கு ஒன்று வேண்டும் கண்ணம்மா. நான் வேலையிலிருந்து வரும்வரை, மாலை நேரங்களில் நீங்கள் இருவரும் அந்த உள்ளறையில்தான் இருப்பீர்கள். கதவு சாத்தியிருக்கும், வெளியே சிரிப்பு கேட்கும். நான் திறந்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வீர்கள். என்ன பேசினீர்கள் என்று அம்மாவைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவள் சொல்வாளா? அதுவும் அடுத்தவர் லைன்தானே அவளுக்கு.

நீ எழுது. மாமாவிடமோ மற்றவர்களிடமோ பேசுவதற்கு முன்னால் எழுதிவிடு. ஒரே விஷயத்தை இரண்டு பேர் பேசிக்கொண்டால் ஒருவர் சொன்னது மற்றவர் நினைவில் கலந்துவிடும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். எனக்கு உன் பாட்டி கலப்பில்லாமல் வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று அவள் உன்னிடம் கேட்டுக்கொண்டது ஏதாவது இருந்தால் அதை விட்டுவிடு. மற்றதை எழுது. முதன்முதலில் எந்த நாளில் நாற்காலியை இழுத்து வலப்பக்கம் போட்டாய், அவள் சொல்லித்தானா, நீயாகவேயா, அங்கிருந்து தொடங்கினால் போதும்.

அன்புடன்,
அம்மா